47 சென்ரிமீற்றர் காணுமோ? நிலைக்குத்துப் பாய்ச்சலை அளந்து ஒப்பிடப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பாய்ந்து இறங்கியதும் பொடியன்கள் திரும்பிப் பார்த்துக் கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான். "அண்ணை, இது காணுமோ?"

யாழ்ப்பாணம் வலிகாமத்தில் ஓர் ஊர்க் கழகத்தில் கரப்பந்தாட்டம் பழக்குகிறேன். சம்பளம் இல்லை, பின்னேரங்களில் கத்திக் கத்தித் தொண்டை கட்டுவதுதான் மிச்சம். தொடங்கிய காலத்தில் அந்தக் கேள்விக்குக் "காணும், காணும்" என்று முதுகில் தட்டி அனுப்பிவிடுவேன். 47 சென்ரிமீற்றர் என்பது நல்லதா கூடாதா என்று எனக்கே விளங்காது. பிறகு இணையத்தில் ஓர் அட்டவணையைத் தேடியெடுத்து, அச்சடித்து, கழகச் சுவரில் ஒட்டினேன். வளர்ந்த ஆண்களுக்கு 41 முதல் 50 வரை சராசரி, 51 முதல் 60 வரை சராசரிக்கு மேல், 70ஐத் தாண்டினால் மிகச் சிறப்பு. பெண்களுக்கு ஒவ்வொரு படியிலும் பத்துக் குறைவு. நீங்களும் பார்த்திருப்பீர்கள், அவ்வளவு பரவலாகச் சுற்றும் அட்டவணை அது.

அதை ஒட்டிய கொஞ்ச நாளில் எங்கள் பொடியன் ஒருவன் சுவரில் 57 பாய்ந்தான். அட்டவணையைப் பார்த்துவிட்டு ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். அடுத்த மாதம் ஒரு தேர்வுக்குப் போனான். அங்கே மின்னணுப் பாய் ஒன்றை விரித்து, இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு அதிலே பாயச் சொல்லியிருக்கிறார்கள். வந்தது 41. "உங்கட சேர் உன்னை நல்லா ஏமாத்திப்போட்டார்" என்று அங்கே நின்ற ஒருவர் சொல்ல, முகம் கறுத்துப்போய் வந்து சேர்ந்தான்.

ஒருவரும் ஏமாற்றவில்லை. இரண்டும் சரியான அளவுகள்தான். ஆனால் அவை இரண்டு வேறு விடயங்களை அளந்தன. சுவரில் அளக்கும்போது முதலில் குதிக்கால் தரையில் பதிய நின்று கையை உயர்த்திய உயரத்தைக் குறிக்கிறோம். பாயும்போதோ குதிக்கால் தூக்கி, நுனிக்காலில் உந்தித்தான் தரையை விடுகிறான். அந்தக் குதிக்கால் எழும்பிய பத்துச் சென்ரிமீற்றரும் கூடக்குறையக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. போதாததற்குக் கையை வீசிப் பாய்கிறான். கைவீச்சு இன்னும் சில சென்ரிமீற்றரைக் கொடுக்கும். மின்னணுப் பாயில் இது இரண்டும் கிடையாது. நுனிக்கால் தரையை விட்ட பிறகுதான் அதன் கடிகாரம் ஓடத் தொடங்கும், கையோ இடுப்பில். 57க்கும் 41க்கும் நடுவிலுள்ள 16 அங்கேதான் போனது.

பள்ளிக்கூடத்தில் புதிதாக விளையாட்டுப் பொறுப்பை ஏற்ற ஆசிரியர்களையும் கழகங்களில் உதவிக்கு நிற்கும் அண்ணாமார், அக்காமாரையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஆய்வுகூடக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு சுவர், ஓர் அளவுநாடா, ஒரு போன், ஒரு சீ.ஆர். கொப்பி இருந்தால் சரி.

முதலில் ஒரு முறையைப் பிடியுங்கள், பிறகு அதை விடாதீர்கள்

சுவர் முறை மிகப் பழையது. அமெரிக்க உடற்பயிற்சி ஆசிரியரான டட்லி சார்ஜன்ட் 1921இல் பாய்ச்சலை ஒரு சோதனையாக எழுதி வைத்தார். அதனால் இன்றும் அதைச் சார்ஜன்ட் பாய்ச்சல் என்கிறார்கள். செலவில்லாதது. ஆனால் பிழை புகுவதற்கு ஓட்டைகள் நிறைய உள்ள முறையும் இதுதான். பெரிய ஓட்டை பாய்ச்சலில் இல்லை, அதற்கு முன்னாலுள்ள நின்ற உயரத்தில், அதாவது நின்றபடி கை எட்டும் உயரத்தில் இருக்கிறது.

பொடியனைச் சுவருக்குப் பக்கவாட்டில் நிற்கச் சொல்லுங்கள். சுவர்ப்பக்கக் கையை நேராக மேலே நீட்டச் சொல்லுங்கள். நீட்டுவான். விரல் நுனி எட்டிய இடத்தை நீங்கள் குறிப்பீர்கள். இப்போது அவன் தோளைப் பாருங்கள். முக்கால்வாசிப் பேருடைய தோள் தொய்ந்துதான் இருக்கும். "இன்னும் எட்டு, இன்னும் எட்டு, முகட்டைத் தொடுற மாதிரி" என்று சொன்னால் தோள் காதோடு வந்து ஒட்டும், விரல் நுனி மூன்று நான்கு சென்ரிமீற்றர் மேலே ஏறும். பாயும்போது எப்படியும் அந்தத் தோள் முழுதாக நீளத்தான் போகிறது. நிற்கும்போது நீளாவிட்டால் அந்த மூன்று நான்கு சென்ரிமீற்றரும் இலவசமாகப் பாய்ச்சலில் சேர்ந்துவிடும். கெட்டிக்காரப் பொடியன்கள் இதை இரண்டாம் தடவையிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். தோளைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நிற்பார்கள். அதனால் என் பழக்கம் இது: நின்ற உயரத்தை மூன்று தடவை எடுப்பேன், மூன்றிலும் கூடியதைத்தான் எழுதுவேன். குதிக்காலை இன்னொருவர் குனிந்திருந்து பார்க்க வேண்டும். தொய்ந்த தோள் பாய்ச்சலைக் கூட்டிக் காட்டும்; எழும்பிய குதிக்கால் குறைத்துக் காட்டும்.

பாயும்போது சுவரிலிருந்து ஒரு சாண் விலகி நிற்கட்டும். ஒட்டி நின்றால் முழங்கை உரசும், தூர நின்றால் சரிந்து பாய்வார்கள். ஓடி வரக் கூடாது, கால் மாற்றி வைக்கக் கூடாது. நின்ற இடத்தில் குந்தி எழும்பிக் கையை வீசிப் பாய வேண்டும். விரல் நுனியில் வெண்கட்டித் தூள் தடவுவது வழக்கம். எங்கள் பக்கத்துச் சுவர் எல்லாம் வெள்ளையடித்தது, அதில் வெண்கட்டி எங்கே தெரியப் போகிறது? நனைத்த விரல் போதும். ஈரத் தடம் காய்வதற்குள் குறித்துவிடலாம், வெயில் நேரத்தில் கொஞ்சம் விரைவாக.

மூன்று பாய்ச்சல், நடுவில் ஒரு நிமிட ஓய்வு. மூன்றாவதுதான் கூடியது என்றால் நான்காவது ஒன்று கொடுங்கள், இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம். எழுதும்போது மூன்றையும் எழுதுங்கள். ஆட்களைத் தமக்குள் ஒப்பிடுவதற்கு மூன்றிலும் உயர்ந்ததைப் பயன்படுத்தலாம். ஒரே ஆளை மாதக் கணக்கில் பின்தொடர மூன்றின் சராசரி நம்பகமானது, ஒரு அதிர்ஷ்டப் பாய்ச்சல் கணக்கைக் குழப்பாது.

போன் வைத்திருப்பவர்களுக்கு

இரண்டாவது முறை காற்றில் நின்ற நேரத்தை அளப்பது. மின்னணுப் பாய் செய்வதும் இதைத்தான். நுனிக்கால் தரையை விட்ட கணத்திலிருந்து திரும்பத் தரையைத் தொட்ட கணம் வரை எத்தனை செக்கன் என்று தெரிந்தால் உயரம் தானாக வரும். பாதி நேரம் ஏற்றம், பாதி நேரம் இறக்கம். புவியீர்ப்பு எல்லோருக்கும் ஒன்று. கணக்கைச் சுருக்கினால்:

உயரம் (செ.மீ.) = 122.6 × நேரம் × நேரம்

அரைச் செக்கன் காற்றில் நின்றால் 30.7 செ.மீ. 0.55 செக்கன் என்றால் 37.1. 0.60 என்றால் 44.1. ஒரு செக்கனின் இருபதில் ஒரு பங்கு, ஏழு சென்ரிமீற்றரை மாற்றிவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். அதனால்தான் நிறுத்துகடிகாரத்தைக் கையால் அமத்தி இதை அளக்க முடியாது. முயன்று பார்த்த ஆள் சொல்கிறேன், வேண்டாம்.

போனின் ஸ்லோ மோஷனில் செக்கனுக்கு 240 படங்கள் எடுக்க வசதி இருந்தால் அதைப் போடுங்கள். போனைத் தரை மட்டத்தில், ஒரு செங்கல்லில் சாத்தி, காலிலிருந்து ஒன்றரை மீற்றர் தள்ளி வையுங்கள். முகம் தெரிய வேண்டியதில்லை, சப்பாத்து தெரிந்தால் காணும். பிறகு வீடியோவை ஒவ்வொரு படமாக நகர்த்தி, கால் தரையை விட்ட முதற்படத்திலிருந்து திரும்பத் தொட்ட படம் வரை எண்ணுங்கள். 132 படம் என்றால் 132ஐ 240ஆல் வகுக்க 0.55 செக்கன், அதாவது 37 சென்ரிமீற்றர். இந்த வேகத்தில் ஒரு படம் பிசகினால் அரைச் சென்ரிமீற்றர்தான் பிழை. சாதாரண வீடியோவில் செக்கனுக்கு 30 படம்; அங்கே ஒரு படம் பிசகினால் நாலரைச் சென்ரிமீற்றர் பிழை. இரண்டு மாதப் பயிற்சியில் ஒருவன் கூட்டுவதே அவ்வளவுதான் இருக்கும்.

சில மலிவுப் போன்கள் 240 என்று போட்டுவிட்டு உள்ளே 120 படம்தான் எடுக்கும், நடுவில் உள்ளதைத் தானே இட்டு நிரப்பும். இன்னொரு போனில் ஓடும் நிறுத்துகடிகாரத்தைப் படமெடுத்து, ஒரு செக்கனுக்கு உண்மையில் எத்தனை வித்தியாசமான படங்கள் வருகின்றன என்று எண்ணிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

இந்த முறையிலும் களவு உண்டு. இறங்கும்போது முழங்காலை மடக்கினால் கால் பிந்தித்தான் தரையைத் தொடும், நேரம் கூடும், உயரமும் பொய்யாகக் கூடும். ஏறும்போது நுனிக்கால் எப்படியோ, இறங்கும்போதும் அப்படியே, கால் நீட்டி நுனிக்காலால் தரையைத் தொட வேண்டும். தொட்ட பிறகு மடக்கிக்கொள்ளலாம். கையை இடுப்பிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள். இடுப்பா வீச்சா என்பது உங்கள் விருப்பம், ஆனால் ஒருநாள் இடுப்பில், ஒருநாள் வீச்சு என்று மட்டும் வேண்டாம்.

எதைத் தெரிவது? பத்து வயதுப் பிள்ளைகளுக்கும் பெரிய கூட்டத்துக்கும் சுவர். அவர்களுக்கு எட்டித் தொட ஏதாவது இருந்தால்தான் முழு மூச்சாகப் பாய்வார்கள். பதினைந்துக்கு மேற்பட்ட, பயிற்சி எடுக்கும் பிள்ளைகளுக்கு நான் போனையே பயன்படுத்துகிறேன். கொப்பியில் எண்ணுக்குப் பக்கத்தில் சு அல்லது போ என்று ஓர் எழுத்துப் போடுவேன். அந்த எழுத்து இல்லாத எண்ணை நான் எண்ணாகவே மதிப்பதில்லை.

அளக்கும் நாள்

சீமெந்துத் தரை நல்லது. மணலில் உந்தும் விசையில் ஒரு பங்கை மணலே குடித்துவிடும், அதனால் தீவுப்பக்க மைதானத்தில் எடுத்த அளவையும் மண்டபத்துக்குள் எடுத்த அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள். சப்பாத்தோடு என்றால் எப்போதும் சப்பாத்தோடு, வெறுங்கால் என்றால் எப்போதும் வெறுங்கால்.

நேரம் ஒன்றாக இருக்கட்டும். சித்திரை வெயிலில் பின்னேரம் இரண்டு மணிக்கு எடுத்த எண்ணை மார்கழிக் காலை எண்ணோடு ஒப்பிட்டுப் பிள்ளையைத் திட்டுவது பாவம். நாங்கள் பின்னேரம் ஐந்து மணியை வைத்திருக்கிறோம். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் விரதம் இருக்கும் பிள்ளைகள் பல பேர், அந்த நாட்களில் அளப்பதே இல்லை. அப்புறம் சைக்கிள். எட்டுக் கிலோமீற்றர் மிதித்து வந்தவனும் மைதானத்துக்குப் பின்வீட்டிலிருந்து வந்தவனும் ஒரே களைப்போடு நிற்கவில்லை. வந்தவர்களை இருபது நிமிடம் இருத்தி, பிறகு எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பத்து நிமிடம் உடலைச் சூடாக்கும் பயிற்சி, மூன்று அரைவேகப் பாய்ச்சல், அதன்பின் அளவு. முழங்காலில் நோ என்று சொல்லும் பிள்ளையை அன்றைக்கு விட்டுவிடுங்கள். வளர்கிற வயதில் முழங்காலுக்குக் கீழே எலும்பில் நோவது சாதாரணமாக வருவது, அதன் மேல் முழுவேகப் பாய்ச்சல் வேண்டாம்.

யாருடைய எண்ணோடு ஒப்பிடுவது?

புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இது. வீடியோக்களில் "48 அங்குலம்" என்று ஒரு கூடைப்பந்தாட்ட வீரர் பாய்வதைப் பார்த்துவிட்டுப் பொடியன் வருவான். அங்குலத்தை 2.54ஆல் பெருக்க வேண்டும் என்பது சின்ன விடயம். பெரிய விடயம் என்னவென்றால், அமெரிக்காவில் என்.பி.ஏ. என்ற தொழில்முறைக் கூடைப்பந்தாட்டத் தொடரின் தேர்வு முகாமில் நின்ற இடத்துப் பாய்ச்சல் என்றும் ஓடி வந்து பாயும் உச்சப் பாய்ச்சல் என்றும் இரண்டு தனித்தனியாக அளக்கிறார்கள். வீடியோக்காரர் பெரிய எண்ணைத்தான் போடுவார்.

சர்வதேசக் கரப்பந்தாட்டப் பட்டியல்களைப் பார்த்தால் இன்னும் குழப்பம். அங்கே வீரர் பெயருக்கு எதிரே 345, 355 என்று இருக்கும். அது பாய்ச்சல் அல்ல, ஓடி வந்து அடிக்கும்போது கை எட்டும் உயரம், தரையிலிருந்து. அதிலிருந்து நின்ற உயரத்தைக் கழித்தால்தான் பாய்ச்சல் வரும். அவை அணிகள் தாங்களே கொடுக்கும் எண்கள் என்பதால் கொஞ்சம் சந்தேகத்தோடேயே எடுக்க வேண்டும்.

உயரம் பாய்தலையும் இதோடு சேர்த்துக் குழப்புவார்கள். யாழ். மத்திய கல்லூரியில் படித்த எதிர்வீரசிங்கம் 1958இல் தோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் பாய்ந்து தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. அந்தக் கதையைச் சொன்னால் "அப்ப அவர் இரண்டு மீற்றர் மேலே பாஞ்சவரோ?" என்று சின்னப் பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். 2.03 என்பது தடியின் உயரம். நிற்கும்போதே நம் உடலின் பாரமையம் தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு மீற்றரில், அவரைப் போன்ற நெடியவருக்கு அதற்கும் மேலே இருக்கிறது. அங்கிருந்து எழுந்ததைத்தான் பாய்ச்சலாகக் கணக்கிட வேண்டும், அதிலும் ஓட்டமும் ஒற்றைக்கால் உந்தலும் தடியைச் சுற்றி உடலை வளைக்கும் நுட்பமும் கலந்திருக்கின்றன. அவருடைய பெருமை இதனால் ஒரு சென்ரிமீற்றரும் குறையாது. எண் மட்டும் வேறு வகை.

ஆகவே எந்த அட்டவணை கையில் வந்தாலும் நான்கு கேள்வி கேளுங்கள். எந்த முறையில் அளந்தது? ஆணா பெண்ணா, எத்தனை வயது? பயிற்சி எடுப்பவர்களா, சும்மா வந்த மாணவர்களா? கை வீச்சா, இடுப்பிலா? நான்குக்கும் பதில் எழுதியிராத அட்டவணையைச் சுவரில் ஒட்டாதீர்கள். நான் ஒட்டியதில் ஒன்றுக்குத்தான் முழுப் பதில் இருந்தது.

உங்கள் மைதானத்துக்கு ஓர் அட்டவணை

மிகப் பயனுள்ள ஒப்பீட்டு எண் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரே முறை, ஒரே வயதுப் பிரிவு, ஒரே விளையாட்டு. கணக்கைக் காட்டுவதற்காக 18 வயதுக்குட்பட்ட பன்னிரண்டு பேர் என்று வைத்துக்கொள்வோம். சுவர் முறையில் எடுத்ததைச் சிறிதிலிருந்து பெரிதாக எழுதினால்:

38, 41, 42, 44, 45, 46, 47, 48, 50, 51, 54, 58

கூட்டினால் 564, பன்னிரண்டால் வகுக்கச் சராசரி 47. வரிசையின் நடு, அதாவது இடையம், 46.5. கீழ்ப் பாதியின் நடு 43, மேற் பாதியின் நடு 50.5. சாதாரணதரக் கணிதத்தில் காலணை என்று படித்தது இதைத்தான், ஒருநாளும் உதவாது என்று நினைத்திருப்போம். இப்போது கேள்விக்குப் பதில் வருகிறது. 47 பாய்ந்தவன் எங்கள் கூட்டத்தின் நடுவில் நிற்கிறான். 51 அல்லது அதற்கு மேல் பாய்ந்தால் முதற் காற்பங்கில். 43க்குக் கீழே நிற்பவர்களுக்குக் கால் வலுப் பயிற்சியில் கூடக் கவனம் வேண்டும்.

இன்னும் ஒரு படி போக விரும்பினால் நியமவிலகலை எடுங்கள், எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறி நிற்கின்றன என்று அது காட்டும். எக்செலில் அதற்குத் தயாரான சூத்திரம் உண்டு. மேலே உள்ள எண்களுக்கு 5.7 வரும். 54 பாய்ந்தவன் சராசரியிலிருந்து 7 மேலே, 7ஐ 5.7ஆல் வகுக்க 1.2. சராசரிக்கு மேலே 1.2 விலகல் என்று அதை எழுதுவோம். இதனால் என்ன பயன்? அதே பொடியனின் 30 மீற்றர் ஓட்டத்தையும் இப்படியே மாற்றினால் இரண்டையும் பக்கத்தில் வைக்கலாம். ஓட்டத்தில் நேரம் குறைவதுதான் நல்லது, அதனால் குறியை மாற்றிக்கொள்ள மறக்க வேண்டாம். பாய்ச்சலில் 1.2 மேலே, ஓட்டத்தில் 0.8 கீழே என்றால் அவனுக்கு எதைப் பழக்க வேண்டும் என்று தெரியும். செக்கனையும் சென்ரிமீற்றரையும் வேறு எப்படி ஒப்பிடுவது?

பன்னிரண்டு பேர் குறைவு என்பது உண்மை. ஒரு கெட்டிக்காரன் வந்தாலோ போனாலோ சராசரி ஆடும். முப்பது பேராவது வந்தால் அட்டவணை கொஞ்சம் ஊன்றி நிற்கும். பக்கத்து ஊர்க் கழகங்கள் இரண்டு மூன்று சேர்ந்து, ஒரே ஆள் போய் ஒரே மாதிரி அளந்தால் முடியும். எங்கள் ஊர்களுக்குள் இருக்கிற போட்டியில் அது கோவில் திருவிழாவுக்கு ஒரே மேளம் பேசுவது மாதிரிக் கடினம். ஆனால் ஒரு தடவை நடந்துவிட்டால் பல வருடத்துக்கு உதவும்.

வயதைப் பற்றி ஒரு வார்த்தை. 15 வயதில் இரண்டு பொடியன்களை நிறுத்துங்கள். ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும், மற்றவன் குரல்கூட உடையாமல் நிற்பான். ஆண் பிள்ளைகள் விரைவாக வளரும் உச்சம் பொதுவாக 14 வயதை ஒட்டியும், பெண் பிள்ளைகளுக்கு 12 வயதை ஒட்டியும் வருகிறது, ஆனால் ஆளுக்கு ஆள் ஒன்றிரண்டு வருடம் முன்பின்னாகும். பிந்தி வளர்பவன் இன்று 40 பாய்வதை வைத்து அவனை ஒதுக்கினால் இரண்டு வருடம் கழித்து எதிரணியில் அவனைப் பார்ப்பீர்கள். எண்ணுக்குப் பக்கத்தில் பிறந்த மாதம், உயரம், நிறை மூன்றையும் எழுதுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை உயரத்தை எடுத்தால் யார் இப்போது வளர்ந்துகொண்டிருக்கிறான் என்பது தெரியும். கால் நீளும் மாதங்களில் சில பிள்ளைகள் தடுமாறுவார்கள், பாய்ச்சல் நின்ற இடத்தில் நிற்கும். பயிற்சி பிழைத்துவிட்டது என்று பதறாதீர்கள்.

நிறையும் சும்மா எழுதச் சொல்லவில்லை. 50 கிலோப் பொடியனும் 70 கிலோப் பொடியனும் ஒரே 45 பாய்ந்தால் இரண்டாமவன் கால் செய்த வேலை மிகக் கூட. பாய்ச்சலின் உச்ச வலுவைக் கணிக்க 1999இல் சேயர்ஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர் வெளியிட்ட சமன்பாட்டில் (60.7 × பாய்ச்சல் செ.மீ. + 45.3 × நிறை கிலோ − 2055) போட்டுப் பார்த்தால் முதலாமவனுக்கு ஏறத்தாழ 2,940 வாற்று, இரண்டாமவனுக்கு 3,850. நிறையை மட்டும் எல்லோர் முன்னாலும் வாசிக்காதீர்கள். பெண் பிள்ளைகளை அளக்கும்போது இது இன்னும் முக்கியம், ஒருத்தி அழுதுகொண்டு வீட்டுக்குப் போனால் அடுத்த கிழமை நாலு பேர் வரமாட்டார்கள்.

கூடியிருக்கிறதா, அளவு ஆடுகிறதா?

ஆறு கிழமை பயிற்சி. 47 பாய்ந்தவன் 49 பாய்கிறான். கைதட்டலாமா? பொறுங்கள்.

பயிற்சி எதுவும் செய்யாமல், இரண்டு நாள் இடைவெளியில் எல்லோரையும் இரண்டு தடவை அளந்து பாருங்கள். எண்கள் ஒன்றாக வராது. ஒரு ஆறு பேரின் வித்தியாசம் +1, −2, +3, 0, −1, +2 என்று வந்ததாக வைப்போம். இந்த வித்தியாசங்களின் நியமவிலகல் 1.87, அதை 1.41ஆல் வகுத்தால் 1.3. இதுதான் உங்கள் அளவின் வழக்கமான ஆட்டம். நீங்கள், உங்கள் சுவர், உங்கள் பொடியன்கள் எல்லாம் சேர்ந்த ஆட்டம் அது, வேறொருவருடையதைக் கடன் வாங்க முடியாது. ஒரு தனி ஆளின் மாற்றம் இதைப்போல் இரண்டு மடங்கையாவது தாண்டினால் நான் நம்பத் தொடங்குவேன். இங்கே அது 2.6, ஆகவே 3 சென்ரிமீற்றர். இன்னும் உறுதி வேண்டுமென்றால் 2.8 மடங்கு, ஏறத்தாழ 3.7. அந்தக் கணக்கில் 47இலிருந்து 49 என்பது இன்னும் அளவின் ஆட்டம்தான். அடுத்த தடவையும் 49, அதற்கடுத்த தடவை 50 என்று வந்தால் ஏறுகிறான் என்று சொல்லலாம்.

இதை விளங்கிக்கொண்ட பிறகுதான் என் கொப்பியில் சந்தோசங்கள் குறைந்தன, திட்டும் குறைந்தது. போன கிழமை 50, இந்தக் கிழமை 48 என்பதற்காக எத்தனை பொடியன்களைச் "சோம்பேறி" என்று பேசியிருப்பேன்.

ஆறு அல்லது எட்டுக் கிழமைக்கு ஒரு தடவை அளந்தால் போதும். போட்டிக் காலத்தில் மட்டும் கிழமைக்கு ஒன்று எடுக்கலாம். அது திறமையைப் பார்க்க அல்ல, களைப்பைப் பார்க்க. தன் வழக்கமான எண்ணிலிருந்து நாலைந்து சென்ரிமீற்றர் கீழே நிற்பவனுக்கு அன்றைக்கு ஓய்வு கொடுத்தால் அவனுக்கும் நல்லது, சனிக்கிழமை ஆட்டத்துக்கும் நல்லது.

பாய்ச்சலை விட எட்டும் உயரம்

கரப்பந்தாட்டத்தில் ஆண்கள் வலையின் மேல் விளிம்பு 2.43 மீற்றர், பெண்களுக்கு 2.24. வலைக்கு நீங்கள் எவ்வளவு பாய்ந்தீர்கள் என்பது தெரியாது, கை எங்கே வந்தது என்பதுதான் தெரியும். நின்ற உயரம் 2.20 உள்ளவன் 60 பாய்ந்தால் 2.80. நின்ற உயரம் 2.38 உள்ளவன் 45 பாய்ந்தாலே 2.83. பாய்ச்சல் பட்டியலில் முதலாமவன் மேலே, வலையில் இரண்டாமவன் மேலே. நான் இரண்டையும் இரண்டு நிரலில் எழுதுகிறேன். பாய்ச்சல் நிரல் யாருக்கு எந்தப் பயிற்சி என்று சொல்லும், எட்டும் உயர நிரல் யாரை எங்கே நிறுத்துவது என்று சொல்லும்.

வலைப்பந்தாட்டம் பழக்கும் அக்காமாருக்கு இதை விளக்கவே தேவையில்லை. வளையம் 3.05 மீற்றரில் இருக்க, 2.08 மீற்றர் உயரமான யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் அதன் கீழே நின்று பந்தை வாங்கிப் போட்ட ஆட்டங்களை நாடே பார்த்தது. அவருடைய பாய்ச்சல் எத்தனை சென்ரிமீற்றர் என்று ஒருவரும் கேட்கவில்லை.

முகம் கறுத்து வந்த அந்தப் பொடியனை அடுத்த நாளே கையை இடுப்பில் வைக்கச் சொல்லிப் போனில் எடுத்தேன். 42 வந்தது. தேர்வில் வந்தது 41. "பார், அவங்கட பாயும் பிழையில்லை, எங்கட சுவரும் பிழையில்லை" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப 42 காணுமோ அண்ணை?" என்றான். போன் முறையில் எங்களிடம் அப்போது ஒப்பிடுவதற்கு ஒரு எண்கூட இல்லை. அடுத்த கிழமை முழுக் கழகத்தையும் வரிசையில் நிறுத்தி அளந்ததற்கு அவன்தான் காரணம்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. சுவர் முறையை வைத்திருப்பவர்கள் தரையிலிருந்து சரியாக இரண்டு மீற்றரில் ஒரு கொங்கிறீற் ஆணியை அடித்துவிடுங்கள், அங்கிருந்து மேலே அளந்தால் போதும். நான் பெயின்றால் கோடு போட்டு வைத்திருந்தேன். இல்ல விளையாட்டுப் போட்டி வருகிறதென்று தை மாதத்தில் சுவருக்கு வெள்ளையடித்தார்கள், கோடு போய்விட்டது. திரும்பப் போட்ட கோடு பழையதை விட ஒரு சென்ரிமீற்றர் கீழே என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதம் எடுத்தது. அந்த மூன்று மாதமும் எங்கள் கழகத்தில் எல்லோரும் ஒரு சென்ரிமீற்றர் கூட எட்டிக்கொண்டிருந்தார்கள்.